பன்னிரண்டு பழுப்புக் கோட்டுகள்

பதப்படுத்திய தோலுக்கு ஒரு வாசனை உண்டு. புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுகிறதே, அது இல்லை. அதில் பாதி பாலிஷ். நான் சொல்வது எண்ணெயும் மருந்தும் லேசான புளிப்பும் கலந்த, மழை நாளில் இன்னும் கனத்துப்போகிற, எத்தனை முறை சோப்புப் போட்டுக் கசக்கினாலும் துணியை விட்டுப் போகாத வாசனை. என் அப்பாவின் சட்டைகள் எல்லாவற்றிலும் அது இருந்தது. தினமும் அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போன ரஹீம் மாமாவிடம் அது இரண்டு மடங்காக இருந்தது. அப்பா தோலைப் பார்வையிடுகிறவர். மாமா தோலை வெட்டுகிறவர்.

கிண்டி தொழிற்பேட்டையில் இருந்த அந்தக் கம்பெனியில் தோல் ஜாக்கெட்டுகளும் கோட்டுகளும் தைத்தார்கள். அத்தனையும் அமெரிக்காவுக்குப் போயின. ரஹீம் மாமா அங்கே "கட்டிங் மாஸ்டர்". வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த என் அப்பாவை அங்கே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அப்பா பிளஸ் டூ வரை படித்திருந்ததால் சில வருடங்களில் சூபர்வைசர் ஆகிவிட்டார். மாமா கத்தியும் அளவுப் பலகையுமாக அதே மேஜையில் இருந்தார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாக நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மயிலாப்பூரில் ஆறு குடித்தனங்களுக்கு ஒரே குழாய் இருந்த "ஸ்டோர்" ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். மாமா காலையில் மீர்சாகிப்பேட்டையிலிருந்து நடந்தே வந்து, எங்கள் வாசலில் நின்று, "சேகரு, டைம் ஆயிக்கினே கீது" என்று குரல் கொடுப்பார். அம்மா கொடுக்கிற காபியை நின்றபடியே குடித்துவிட்டு, அப்பா ஸ்கூட்டரை உதைத்ததும் ஏறிக்கொள்வார். அவருடைய மகள் நஸ்ரீனும் நானும் அபிராமபுரம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்த வருடம் அமெரிக்காவில் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. செய்தித்தாள்களில் தினமும் அதே பேச்சாக இருந்ததால், எங்கள் ஹிஸ்டரி மிஸ், கிரேஸ் மிஸ், பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இதேபோல் அங்கே முன்பொரு முறை நடந்த கதையைச் சொன்னார். எண்பது வருடங்களுக்கு முன்னால் பங்குச் சந்தை ஒரே வாரத்தில் சரிந்ததையும், ஆலைகள் மூடியதையும், வங்கிக் கதவுகளுக்கு வெளியே ஜனங்கள் விடிய விடிய நின்றதையும், ஊருக்கு ஊர் அட்டையும் தகரமும் வைத்து ஜனங்கள் குடிசை போட்டுக்கொண்டதையும், நேற்றுவரை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தெருமுனையில் ஆப்பிள் விற்றதையும் அவர் சொன்ன விதத்தில், நாங்கள் மணி அடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை. இலவசச் சூப்புக்கும் ரொட்டிக்கும் நீளமான வரிசைகள் நின்றனவாம். தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று தொப்பியைப் புருவம்வரை இறக்கி, கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றார்களாம். மிஸ் ஒரு பழைய புகைப்படத்தைப் பெரிதாக நகலெடுத்துக் கொண்டுவந்து வகுப்பில் சுற்றுக்கு விட்டார்.

நஸ்ரீன் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, "கோட்டு போட்டுக்கினு இருக்கிறவங்களுக்கு எதுக்கு மிஸ் சோறு இல்ல?" என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. "கோட்டு வேலை இருந்தப்ப வாங்கினதும்மா" என்றார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் ஆண்டுவிழா நாடகம் பிறந்தது. ரொட்டி வரிசையில் நிற்கிற பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் ஒரு அடி முன்னால் வந்து தான் யார், எப்படி இந்த வரிசைக்கு வந்தேன் என்று சொல்ல வேண்டும். நான் வங்கிக் குமாஸ்தா. நஸ்ரீன் நிலத்தை இழந்து ஊரைவிட்டு வந்த விவசாயி. வசனமெல்லாம் ஒரு வாரத்தில் மனப்பாடமாகிவிட்டது. கோட்டுதான் இல்லை. சென்னையில் யாரிடம் பன்னிரண்டு குளிர்காலக் கோட்டு இருக்கும்? வாடகைக் கடையில் விசாரித்தால் மாப்பிள்ளை கோட்டுதான் இருக்கிறது, ஜரிகை போட்டது, என்றார்கள். நஸ்ரீன் வீட்டில் போய்ச் சொல்ல, மாமா அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்து, தான் தைத்துத் தருவதாகச் சொன்னார். தோலில் கத்தி வைப்பதற்கு முன் அளவு சரிபார்க்க ஒரு மலிவான பழுப்புத் துணியில் மாதிரி தைப்பார்கள். வேலை முடிந்ததும் அந்தத் துணி கழிவு மூட்டைக்குப் போகும். அதிலிருந்து எடுத்துக்கொள்ள அப்பா அனுமதி வாங்கித் தந்தார்.

தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் காலையில் நான் மீர்சாகிப்பேட்டையில்தான் இருந்தேன். மாமாவின் வீடு ஒரே அறை; தையல் மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொள்வார். பன்னிரண்டு பெண்களின் அளவுகளையும் பெயர்களையும் துண்டுச் சீட்டுகளில் எழுதித் துணியில் குத்திவைப்பது என் வேலை. என் கையெழுத்து பள்ளியில் பெயர் பெற்றது. சேர்த்தெழுதும் ஆங்கில எழுத்தில், "ஆர்" எழுத்தின் காலைக் கொடி மாதிரி நீட்டிச் சுழித்துவிடுவேன். மாமாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும். தனக்கு இங்கிலீஷ் படிக்க வராவிட்டாலும் என் சுழி எங்கே இருந்தாலும் தெரியும் என்பார். அமெரிக்காக்காரனுக்குத் தோள் அகலம், எங்களில் இரண்டு பேரை ஒன்றாக நிறுத்தினால்தான் அந்த அளவு வரும் என்று சிரித்துக்கொண்டே வெட்டுவார். எத்தனையோ வருடமாகக் கோட்டு வெட்டியும், ஒருத்தர்கூட அதைப் போட்டுக்கொண்டு நடந்து நான் பார்த்ததில்லை, பெட்டியில் போவதைத்தான் பார்த்திருக்கிறேன் என்று அவர் ஒருநாள் சொன்னபோது, எனக்கு அது ஏதோ வேடிக்கையான விஷயமாகத்தான் பட்டது.

முதல் ஞாயிறு முடிந்து நான் வீட்டுக்கு வந்த மதியம், மழை விட்டிருந்தது. அப்பா ஒரு முழுத்தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, கம்பெனிக்கு ஒரு லிஸ்ட்டு வேண்டும், இங்கிலீஷில் உன் கையெழுத்தில் எழுதிக்கொடு என்றார். டைப் அடிக்கிற பெண் லீவு என்றார். மேலே இரண்டு வரிக்கு இடம் விடச் சொன்னார்; மேனேஜர் எழுதிக்கொள்வாராம். கையிலிருந்த பென்சில் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். முப்பது பெயர். எனக்குப் பெருமை தாளவில்லை. ஒரு பெயருக்கு முன்னால் நிறுத்தி, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு "ரஹீம்" என்றார். அதன் முதல் எழுத்தான "ஆர்"ஐ நான் மற்ற எல்லா எழுத்தையும்விட அழகாகச் சுழித்துப் போட்டேன்.

எதற்கு இந்த லிஸ்ட்டு என்று கேட்டேன். புது ஐடி கார்டு கொடுக்கப் போகிறார்கள் என்றார். உங்கள் பெயர் எங்கே என்று கேட்டதற்கு, சூபர்வைசர்களுக்கு வேறு லிஸ்ட்டு என்றார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் தலையைத் தடவினார். அந்த விரல்களின் வாசனையோடு அது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

அதற்கப்புறம் மூன்று வாரம். இதைத்தான் நான் பின்னாளில் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். மூன்று வாரமும் தினமும் காலையில் மாமா வந்தார், "சேகரு" என்றார், காபி குடித்தார், அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார். அடையாறு பாலத்து எதிர்க்காற்றில் இருவரும் என்ன பேசிக்கொண்டு போனார்களோ. நடுவில் பக்ரீத் வந்தது. மாமா வீட்டிலிருந்து எப்போதும்போல் பிரியாணி வந்தது. அப்பா வயிறு சரியில்லை என்று தொடவில்லை; நானும் அம்மாவும்தான் சாப்பிட்டோம். அப்பா வீட்டில் பேச்சைக் குறைத்திருந்தார். ஆர்டர் குறைந்துபோச்சு, அந்தக் கவலை என்று அம்மா சொன்னாள்.

ஆண்டுவிழா ஒரு சனிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்கு நாடகம். பொத்தான் தைக்க மாமா நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார், மூன்றுக்கே வந்துவிட்டார். கோட்டுகளை ஒரு பெட்ஷீட்டில் மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டு நடந்தே வந்திருந்தார். மேடைக்குப் பின்னால் இருந்த வகுப்பறையில் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருத்திக்கும் தானே மாட்டிவிட்டார். நஸ்ரீனுக்குத் தொப்பியைச் சரிசெய்துவிட்டு அவள் கன்னத்தில் கையை ஒரு நிமிடம் வைத்திருந்தார். கடைசியாக என்னிடம் வந்தார். குனிந்து பொத்தான் போட்டுக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"கேட்டுல ஒட்டிக்கீற லிஸ்ட்டு, நீ எழுதினதாம்மா?"

எனக்கு ஒரே சந்தோஷம். "ஆமா மாமா. அப்பா எழுதச் சொன்னாரு. உங்க பேரு கரெக்டா கீதா?"

அவர் கை அந்தப் பொத்தானிலேயே நின்றது. என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன தேடினார் என்று எனக்கு அப்போது தெரியாது. தேடியது கிடைத்ததுபோல் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"கரெக்டா கீது கண்ணு. எழுத்து நல்லாகீது."

என் காலரைத் தூக்கிவிட்டு, புகைப்படத்தில் இருந்த மாதிரியே மடித்துவிட்டு, நாடகம் பார்க்கப் போய்விட்டார்.

நாடகம் நன்றாக நடந்தது என்றுதான் சொன்னார்கள். நான் ஒரு அடி முன்னால் வந்து, நேற்றுவரை நான் மற்றவர்களின் பெயர்களைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன் என்று தொடங்கும் என் வசனத்தை ஒரு சொல்கூட விடாமல் சொன்னேன். மாமா கடைசி வரிசையில் சுவரோரம் நின்றார், உட்காரவில்லை. கைதட்டல் முடிந்ததும் பார்த்தேன்; ஆளைக் காணவில்லை. என் அப்பா வரவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா அழுது முடித்த முகத்தோடு என்னைப் பார்த்தாள். அம்மாதான் சொன்னாள். அன்று காலையில் முப்பது பேரைக் கம்பெனி கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே விடவில்லை. மேனேஜர் இரண்டு வரி எழுதி, கீழே என் கையெழுத்தில் இருந்த தாளை நகலெடுத்துக் கேட்டில் ஒட்டியிருக்கிறார். அதில் தன் பெயரைப் படித்துச் சொல்லும்படி மாமா பக்கத்தில் நின்றவரைக் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை; முதல் எழுத்தில் நான் போட்ட சுழியே போதுமாக இருந்தது.

டைப் அடிக்கிற பெண் லீவு போடவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவளுடைய சித்தப்பாவும் லிஸ்ட்டில் இருந்தார். அவளிடம் கொடுத்தால் விஷயம் வெளியே போய்விடும் என்றுதான் அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

நான் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், ஏன் என்னிடம் பொய் சொன்னீர்கள் என்று.

"உண்மைய சொல்லியிருந்தா நீ எழுதியிருப்பியா?" என்றார்.

பிறகு, பெயரெல்லாம் மேலேயிருந்து வந்தது, மேனேஜர் கொடுத்த சீட்டைத்தான் நான் படித்தேன், மறுத்திருந்தால் முப்பத்தோராவது பெயர் என்னுடையது, உன் படிப்பு என்ன ஆகும் என்று நிறையச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது. நான் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் மீர்சாகிப்பேட்டைக்குப் போனேன். மாமா வாசலில்தான் நின்றிருந்தார். முதல்முறையாக, உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. கதவைப் பாதி சாத்திக்கொண்டு வெளியே வந்தார். எனக்குத் தெரியாது மாமா, ஐடி கார்டு என்று சொன்னார் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"தெரியும் கண்ணு" என்றார். "உங்கப்பா இன்னா பண்ணுவாரு. மேலேர்ந்து வந்த ஆர்டரு. அவரு கைல இன்னா கீது? அவராண்ட கோவமா இருக்காத."

உள்ளேயிருந்து நஸ்ரீனின் குரல் வந்தது. அவள் வெளியே வரவில்லை. "எழுதத் தெரிஞ்சவளுக்குப் படிக்கத் தெரியாதா அப்பா?" என்று கேட்டாள். மாமா உருதுவில் ஏதோ அதட்டினார். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

அரைப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்தபோது எங்கள் பெஞ்சிலிருந்து அவள் வேறு இடத்துக்கு மாறியிருந்தாள். என்னோடு பேசாதது மட்டுமில்லை, மற்றவர்களிடம் என்னைப் பற்றியும் பேசவில்லை. வகுப்பில் யாருக்கும் விஷயம் தெரியவே இல்லை. நான் அதற்கும் ஏங்கினேன், யாராவது என்னைத் திட்டினால் தேவலை என்று. மாமா கே.கே. நகரில் ஒரு ஆல்ட்டரேஷன் கடையில் பேன்ட்டுக்கு ஓரம் அடிக்கிற வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டோம். முழுப் பரீட்சைக்குப் பிறகு நஸ்ரீன் பள்ளிக்கு வரவில்லை. பெங்களூர் பக்கம் போய்விட்டார்கள் என்று கிரேஸ் மிஸ் சொன்னார். அடுத்த வருடம் பத்தாம் வகுப்புப் பாடத்தில் அந்த அமெரிக்கக் கதை முறைப்படி வந்தது. "ஏராளமானோர் வேலையிழந்தனர்" என்று ஒரு வரி. குடையைப் பேருந்தில் மறந்துவிட்டு வருகிறவர்களைச் சொல்வதுபோல் இருந்தது அது. யாருடைய பெயரை யார் எழுதினார்கள் என்று அந்த வரியில் இல்லை.

அப்பா அந்த வேலையில் மேலும் நான்கு வருடம் இருந்தார். பிறகு கம்பெனியே மூடிவிட்டது. நான் அந்தச் சம்பளத்தில்தான் படித்தேன். அவரை முழுதாக மன்னிக்க எனக்கு வெகுநாள் ஆனது, ஆனால் மன்னித்தேன். மாமாவே அப்படிச் சொன்ன பிறகு நான் யார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒரே வீட்டில் வாழ முடிந்தது.

இப்போது அப்பா என்னோடு அடையாறில் இருக்கிறார். போன மாதம் ஒரு காலை, லென்ஸ் வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், அமெரிக்கா போட்ட புது வரியால் தோல் கம்பெனிகளில் ஆள் குறைக்கிறார்கள் என்ற செய்தியைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டுப் பேப்பரை மடித்தார். நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"மேனேஜர் பேரு எதுவும் குடுக்கலம்மா" என்றார்.

எந்த மேனேஜர் என்று கேட்க எனக்குத் தேவையிருக்கவில்லை.

"முப்பது பேருன்னு மட்டும்தான் சொன்னாரு. சீட்டு நான் போட்டது. ரஹீம் பேரைப் பார்த்துட்டு, இவர் எதுக்குன்னுகூடக் கேட்டாரு. நான்தான், வயசாயிடுச்சு, கை நடுங்குதுன்னு சொன்னேன். இனிமே ஒரே சூபர்வைசர்தான்னு பேச்சு இருந்துச்சு. வேலை தெரிஞ்சவன், அவனுக்கே குடுத்துடுவாங்களோன்னு எனக்குப் பயம்."

கை நடுங்கிய மனிதர் பன்னிரண்டு கோட்டு வெட்டியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மாமாவுக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.

"தெரியும். அன்னைக்குக் காலைலயே, மேனேஜர் கார் கேட்டுக்கு வந்தப்ப மறிச்சுக் கேட்டுட்டான். அவரு சொல்லிட்டாரு."

அப்படியென்றால் என் கோட்டுக்குப் பொத்தான் போட்டபோது அவருக்குத் தெரியும். மறுநாள் வாசலில் நின்று என்னைச் சமாதானப்படுத்தியபோதும் தெரியும். தெரிந்தேதான் அந்தப் பொய்யைச் சொன்னார். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அவளுடைய அப்பா மிஞ்சட்டும் என்று. என் அப்பா இத்தனை வருடமும் அந்தப் பொய்யின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். நானும்தான்.

அன்று ஆபீசிலிருந்து பாதியிலேயே கிளம்பி மீர்சாகிப்பேட்டைக்குப் போனேன். அந்த ஒற்றை அறை வீடு இருந்த இடத்தில் நான்கு மாடி நிற்கிறது. வாட்ச்மேனுக்கு ரஹீம் என்ற பெயரே புதிது. கிண்டியில் கம்பெனி இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் உள்ளே போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். கிரேஸ் மிஸ்ஸும் இப்போது இல்லை.

அப்பாவுக்கு நான் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன், சாப்பாடு போடுகிறேன். பேச்சு நின்றுவிட்டது. அவரும் எதிர்பார்ப்பதாகத் தெரியவில்லை. பெங்களூரில் இருக்கிற நஸ்ரீன்களை முகநூலில் தேடி, வயது ஒத்துவருகிற ஏழு பேருக்கு ஒரே ஒரு வரி அனுப்பியிருக்கிறேன்: உங்கள் அப்பா பெயர் ரஹீமா? இரண்டு பேர் இல்லை என்று பதில் போட்டார்கள். மற்ற ஐந்து பேரும் இன்னும் திறந்து பார்க்கவில்லை.